காற்றும் கைத்திறனும்

பளைப் பக்கமாகப் பயணஞ் செய்தவர் எவரும் அந்தக் காற்றாலைகளைக் காணாது கடந்திருக்க முடியாது. பனைகளின் தலைக்கு மேலே, மும்மூன்று வெண்ணிற இறக்கைகளை விரித்து, அவசரம் ஏதுமின்றி அவை சுழன்றுகொண்டிருக்கும். புலோப்பளையிலும் வல்லிமுனையிலும் 2014ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய இரு காற்றாலைப் பண்ணைகள் அவை. ஒவ்வொன்றும் 10 மெகாவாட் வலுவுடையது. சில காலத்துக்கு முன்னர் உயர்தர வகுப்பு மாணவரோடு அவ்வழியே பேருந்தில் சென்றபோது மாணவி ஒருத்தி கேட்டாள்: “சேர், காற்று எங்கட ஊர்க் காற்று. கரண்ட் ஆருடையது?”

பேருந்தில் சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அவ்வினாவுக்கு அன்று நாம் அளித்த விடை அவளுக்கும் நிறைவு தரவில்லை. நமக்கும் நிறைவு தரவில்லை. அன்று சொல்லத் தவறியதை இன்று சற்று ஒழுங்குபடச் சொல்ல முயல்வதே இக்கட்டுரை.

வினா சிறியது, அது தொடும் பொருளோ பெரியது. நிலம் யாருடையது, நீர் யாருடையது என்று கேட்டு மனிதகுலம் நடத்திய போராட்டங்கள் பல. காற்றைப் பற்றியும் வெய்யிலைப் பற்றியும் அவ்வாறு கேட்கவேண்டிய தேவை நம் பாட்டன்மாருக்கு எழவில்லை. அவற்றை வேலியிட்டு அடைக்க எவராலும் இயலாது என்று அவர்கள் நம்பினர். இன்று வேலியிடாமலே அவற்றை உடைமையாக்கும் வழி பிறந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் புகைத்துப் பூமியைச் சூடேற்றிய உலகம், அப்பிழையைத் திருத்தும் பொருட்டுக் காற்றையும் வெய்யிலையும் நாடி வருகின்றது. வருவது நன்மையே. ஆனால் நன்மை எந்த வாசலால் வருகின்றது, யாருடைய முற்றத்தில் இறங்குகின்றது என்று கேட்பது நன்றி கெட்ட செயலாகாது.

வீசும் காற்று வெறுங் காற்றே. அது மின்சாரம் ஆவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: தூண் ஊன்றுவதற்குக் காணி, சுழல்வதற்கு இயந்திரம், அவ்விரண்டையும் பொருத்தி, இயக்கி, பழுது பார்ப்பதற்குக் கைத்திறன். காணியை ஒப்பந்தம் எழுதிப் பெற்றுவிடலாம். இயந்திரத்தைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிவிடலாம். கைத்திறனையோ அவ்வாறு இறக்கிவிட இயலாது. அது மனிதரின் கையிலும் மூளையிலும் ஆண்டுக்கணக்கில் வளரவேண்டும். வளர்ந்த பின் ஒருவரிடமிருந்து மற்றவர் பறித்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே, காற்று யாருடையது என்ற வினா, ஆழ்ந்து நோக்குமிடத்து, அக்கைத்திறன் யாரிடம் வளர்கின்றது, வளர்ந்தபின் யாருக்காக உழைக்கின்றது என்ற வினாவாகவே மாறிவிடுகின்றது.

இவ்விடத்தில் நமது தொழிலைச் சேர்ந்த ஒருவரை நினைவுகூர்வது பொருத்தமாகும். டென்மார்க் நாட்டிலே அஸ்கோவ் என்ற கிராமத்தில் நாட்டார் உயர் பாடசாலை ஒன்று இருந்தது. குடியானவரின் பிள்ளைகள் தம் தாய்மொழியிலே வரலாறும் இலக்கியமும் விஞ்ஞானமும் கற்பதற்கென எழுந்த பாடசாலை வகை அது. அங்கே ஆசிரியராயிருந்த போல் ல குர் என்பார் 1891ஆம் ஆண்டில் மின்சாரம் பிறப்பிக்கும் காற்றாலை ஒன்றை நிறுவினார். காற்று ஓய்ந்தபோது என் செய்வது என்ற இடர்ப்பாடு அன்றே அவரை எதிர்கொண்டது. அம்மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஐதரசனைச் சேமித்துவைத்து, அவ்வாயுவைக் கொண்டு பாடசாலையின் விளக்குகளை எரித்தார். இன்று ஆய்வுகூடங்கள் புதுமையெனப் பேசும் செய்தி அது. ஆனால் அவருடைய பெருமை அவர் கண்ட பொறியில் மட்டும் தங்கியிருக்கவில்லை. 1903இல் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் சங்கம் ஒன்றைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். நாட்டுப்புற இளைஞருக்கு மின்தொழில் கற்பிக்கும் வகுப்புகளை அப்பாடசாலையிலேயே நடத்தினார். அவ்வகுப்பில் பயின்ற யோகன்னஸ் யூல் என்ற இளைஞரே, அரை நூற்றாண்டின் பின், 1957இல், கெட்சர் என்னுமிடத்தில் 200 கிலோவாட் காற்றாலையை நிறுவினார். மூன்று இறக்கைகள் கொண்ட அவ்வமைப்பே இன்று உலகெங்கும் சுழலும் காற்றாலைகளுக்கு முன்னோடி எனலாம்.

1973இல் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியபோது டென்மார்க்கிலே இன்னொரு பாடசாலை செயலில் இறங்கியது. துவிண்ட் என்னுமிடத்து ஆசிரியரும் மாணவரும் தொண்டருமாகச் சேர்ந்து, தம் கையாலேயே 54 மீற்றர் உயரமான கோபுரம் எழுப்பி, 1978இல் பெருங் காற்றாலை ஒன்றை இயக்கிக் காட்டினர். அதே ஆண்டில் காற்றாலை வைத்திருந்த குடிமக்கள் ஒரு சங்கமாகத் திரண்டனர். தத்தம் காற்றாலை எவ்வளவு மின்சாரம் தந்தது, எங்கே முறிந்தது, ஏன் முறிந்தது என்பவற்றை ஒளிவுமறைவின்றி வெளியிட்டனர். ஒருவனுடைய தோல்வி மற்றவனுக்குப் பாடமாயிற்று. வெற்றியைப் பகிர்வது எளிது; தோல்வியைப் பகிர்வதே மெய்யான கூட்டுறவு.

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. அந்நாட்டின் லெம் என்ற ஊரில் 1898இல் ஒரு கொல்லன் பட்டறையாகத் தொடங்கிய தொழிலகம் பின்னர் காற்றாலை செய்யும் உலகப் பெருநிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. நம் அயலிலுள்ள மன்னார்த் தீவில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் அமைந்து 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்ட 103.5 மெகாவாட் பண்ணையில் நிற்கும் 30 காற்றாலைகளும் அந்நிறுவனத்தின் ஆக்கங்களே. ஆக, ஒரு கிராமத்து ஆசிரியரின் வகுப்பறையில் முளைத்த அறிவு, ஒன்றேகால் நூற்றாண்டு கடந்து, கடல் பல தாண்டி நம் கரையில் வந்து நிற்கின்றது. ஆனால் வந்தது இயந்திரம், வகுப்பறை வரவில்லை. அவ்வறிவு பிறந்தது பொதுச்சொத்தாக. நம்மிடம் வந்து சேர்ந்ததோ விற்பனைப் பண்டமாக. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே நமது மாணவியின் வினாவில் ஒலித்த தூரம்.

ஐரோப்பாவை இலட்சிய உலகமாகக் காட்டுவது நம் நோக்கமன்று. அங்கும் ஒத்துழைப்பு என்பது அன்பின் பெருக்கால் விளைந்ததன்று. இரு பெரும் போர்களில் கோடிக்கணக்கான உயிர்களைப் பலிகொடுத்த பின்னரே, போருக்குக் கருவியாயிருந்த நிலக்கரியையும் உருக்கையும் பொது நிருவாகத்தில் வைப்பதென ஆறு நாடுகள் 1951இல் பாரிசு நகரில் உடன்பட்டன. எதற்காக அடித்துக்கொண்டார்களோ அதனையே பங்கிட்டுக்கொண்டார்கள். அவ்வழியிலேதான் 2022 மே மாதத்தில் டென்மார்க், ஜேர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நான்கும் எஸ்பியர் துறைமுகத்தில் கூடி, வடகடலின் காற்றைக் கூட்டாகப் பயன்கொள்வதெனவும் 2050ஆம் ஆண்டளவில் 150 கிகாவாட் வலுவை எட்டுவதெனவும் அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய கைத்தொழிற் சட்டமொன்று, பசுமைத் தொழில்களுக்கு வேண்டிய கைத்திறனை எல்லா நாட்டினருக்கும் பயிற்றும் கல்விக்கழகங்களை அமைக்கவும் வழிசெய்தது. இயந்திரத்தைப் போலவே கைத்திறனும் கூட்டு முயற்சியால் வளரவேண்டியது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

ஆயினும் அதே ஐரோப்பாவில் நோர்வே நாட்டின் போசன் குடாநாட்டில் நிகழ்ந்ததையும் மறக்கலாகாது. அங்கே 151 காற்றாலைகள் எழுந்த நிலம், சாமி என்னும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகத் தம் கலைமான்களை மேய்த்துவந்த நிலம். அவ்வனுமதிகள் அம்மக்களின் பண்பாட்டு உரிமையை மீறுவன என நோர்வேயின் உயர் நீதிமன்றம் 2021 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் பின்னும் காற்றாலைகள் சுழன்றன. அம்மக்களின் இளைஞர் தலைநகரிலே மறியல் செய்த பிறகே, 2023 டிசெம்பரிலும் 2024 மார்ச்சிலும் இழப்பீடும் மாற்று மேய்ச்சல் நிலமும் பற்றிய உடன்பாடுகள் எட்டப்பட்டன. சக்தி பசுமையாயிருக்கலாம்; அதனைப் பெறும் முறை பழைய கறுப்பு முறையாகவே இருத்தல் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நாகரிகம் மிக்க நாட்டிலும் சிறு தொகையினரின் மேய்ச்சல் நிலமே முதலில் ‘வெறும் நிலமாக’த் தெரிகின்றது.

இனி நமது மண்ணுக்கு வருவோம். பூநகரியில் 234 மெகாவாட்டும் மன்னாரில் 250 மெகாவாட்டுமாகக் காற்றாலைகள் அமைக்க இந்தியப் பெருநிறுவனமான அதானி குழுமத்துக்கு 2023 பெப்ரவரியில் இலங்கை முதலீட்டுச் சபை அனுமதி அளித்தது. முதலீடு 442 மில்லியன் டொலர் எனப்பட்டது. ஓர் அலகு மின்சாரத்தை 8.26 அமெரிக்க சதத்துக்கு இருபது ஆண்டுகள் வாங்குவதென 2024இல் அமைச்சரவை உடன்பட்டது. மன்னாரில் வலசைப் பறவைகள் குறித்தும் வாழ்விடங்கள் குறித்தும் எதிர்ப்பு எழுந்தது. விலை அதிகம் என்ற வாதமும் எழுந்தது. ஆட்சி மாறிய பின் விலையை மீளப் பேசும் முயற்சி நிகழ, 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. இதன் சரி பிழைகளை விரிப்பது இங்கு நம் நோக்கமன்று. திட்டம் வந்தபோதும் போனபோதும் பேசப்பட்டவை இரண்டே: விலை, முதலீடு. பூநகரியின் பிள்ளைகள் எத்தனை பேர் எந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வர், இருபது ஆண்டு முடிவில் அவ்வியந்திரங்களை இயக்கவும் திருத்தவும் அறிந்தவர் அவ்வூரில் எத்தனை பேர் இருப்பர் என்ற வினா பொதுப்பேச்சில் இடம்பெறவில்லை. கேட்கப்படாத வினாவுக்கு விடை எவ்வாறு கிடைக்கும்?

கைத்திறன் வளர்க்கும் முயற்சியே நம்மிடம் இல்லையென்று கூறுவது உண்மைக்கு மாறாகும். கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் எழுந்துள்ளது. அதே அறிவியல் நகரில் ஜேர்மனியின் நிதியுதவியுடன் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016இல் திறக்கப்பட்டு, மின்தொழிலும் இயந்திரத் தொழிலும் கட்டடத் தொழிலும் கற்பித்து வருகின்றது. நாட்டின் பல பாகங்களிலுமிருந்து வந்த பல மொழி பேசும் இளைஞர் ஒரே பட்டறையில் கரியும் எண்ணெயும் பூசிய கைகளோடு நிற்பது, போர் கண்ட இம்மண்ணிலே சிறிய காட்சியன்று. நோர்வேயின் மேற்குக் கரைப் பல்கலைக்கழகம் ஒன்று, யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களோடும் கோயம்புத்தூர்த் தொழினுட்பக் கல்லூரியோடும் இணைந்து தூய சக்தி ஆய்விலே மாணவரைப் பயிற்றியிருக்கின்றது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இவற்றை ஆக்கிய கைகளுக்கு நாம் நன்றியுடையோம்.

ஆனால் இவ்விடத்தில்தான் இக்கட்டுரையின் கடினமான முடிச்சு உள்ளது. கற்றவர்கள் போய்விடுகிறார்கள். ஆசிரியர் ஓய்வறையில் இதுபற்றி நாம் பேசாத நாளில்லை. நேற்று நம் வகுப்பில் மின்சுற்று வரைந்தவன் இன்று கட்டாரில் இருக்கின்றான். நாளை கனடாவில் இருப்பான். ஜேர்மனி 2020 மார்ச்சில் நடைமுறைப்படுத்திய சட்டத்தின் வழி, தொழிற்பயிற்சி பெற்ற பிறநாட்டவருக்கும் தன் கதவைத் திறந்தது. ஒரு கையால் பயிற்சி தந்து, மறுகையால் பயிற்சி பெற்றவரை அழைத்துக்கொள்ளும் உலகில் ‘ஒத்துழைப்பு’ என்ற சொல்லின் பொருள் என்ன? ஓர் ஏழைக் கிராமம் பதினெட்டு ஆண்டு சோறூட்டி வளர்த்த பிள்ளையைச் செல்வ நாடு செலவின்றிப் பெற்றுக்கொள்வதும் ஒருவகை ஏற்றுமதியே.

இதற்கு நம்மிடையே இரு விடைகள் உலவுகின்றன. ஒன்று: ஊரின் பணத்தில் கற்றவன் ஊரை விட்டு ஓடுவது துரோகம் என்பது. மற்றது: கல்வி ஒருவனுடைய சொந்த உழைப்பின் பயன், அவன் எங்கு விற்றாலும் அது அவனுடைய உரிமை என்பது. முதல் விடை மனிதரை ஊரின் உடைமையாகக் கருதுகின்றது. இரண்டாவது, ஊரைக் கடந்து செல்லும் வாடிவீடாகக் கருதுகின்றது. இரண்டினையும் நாம் ஏற்பதற்கில்லை.

கல்வியால் கடன் பிறக்கின்றது என்பது உண்மை. ஒருவனது கைத்திறனில் அவனுடைய முயற்சி மட்டுமன்று, வரி செலுத்திய தோட்டத் தொழிலாளியின் வியர்வையும், வகுப்பறைக்குச் சுவர் எழுப்பிய கூலியாளின் உழைப்பும் கலந்திருக்கின்றன. ஆனால் கடன் ஒருபக்கத்தது மட்டுமன்று. கற்பித்த சமுதாயமும் கற்றவனுக்குக் கடமைப்பட்டதே. அவனுடைய கல்வி பயன்படும் ஒரு களத்தை அது ஆக்கித்தர வேண்டும். காற்றாலையைப் பழுதுபார்க்கக் கற்றவனுக்குத் தன் ஊரின் காற்றாலையிலே வாயிற்காவல் வேலைதான் கிடைக்குமாயின், அவன் விமானம் ஏறுவதை எவ்வாறு துரோகம் என்போம்? களம் ஆக்காத சமுதாயம் கடனைக் கேட்டு வாயிலில் நிற்கும் தகுதியை இழந்துவிடுகின்றது. போகும் சுதந்திரம் இளைஞருக்கு இருத்தல் வேண்டும். அதனோடு, போகாமல் இருக்கும் சுதந்திரமும் இருத்தல் வேண்டும். இன்று நம் பிள்ளைகளுக்கு இல்லாதது இந்த இரண்டாவது சுதந்திரமே.

இம்முடிச்சை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் எதிர்கொண்டார். மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கிலத்திற் கற்ற மாணவர் அரசாங்க உத்தியோகம் நாடி வேற்றூர் செல்வதைக் கண்டார். 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஆயிரக்கணக்கான பக்கங்களில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழிற் கற்ற வைத்தியர் கிராமங்களிலே தங்கிப் பணிசெய்வர் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதை நாம் அறிவோம். ஆயினும் அறிவைத் தருவோர் பெறுவோரின் மொழிக்குள் இறங்கிவர வேண்டும் என்று கருதிய அந்நெறி போற்றத்தக்கது.

அதிலும் ஓர் ஐயம் எழுகின்றது. பிறமொழி அறியாதவன் ஊரில் தங்குவான் என்று கருதி மொழியைச் சங்கிலியாக்குவது அறமாகுமா? ஆகாது. தமிழிலே தொழினுட்பம் கற்பிக்க வேண்டுவது பிள்ளையைக் கட்டிவைப்பதற்கன்று; அவனுடைய தாயும் தந்தையும் அயலவனும் அவ்வறிவிலே பங்குபெறுவதற்காக. காற்றாலை ஒப்பந்தத்தைக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலே தமிழில் விளக்கத் தெரியாத பொறியியலாளன் எத்துணை வல்லவனாயினும் அவ்வூருக்கு அந்நியனே. இலங்கையில் 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் விஞ்ஞானச் சொற்றொகுதிகளை வெளியிட்டபோது ‘மின்பிறப்பாக்கி’யும் ‘நிலைமாற்றி’யும் போன்ற சொற்கள் நம் பாடநூல்களில் நிலைபெற்றன. அப்பணியைப் புதிய துறைகளில் தொடர்வது தமிழாசிரியரின் பொறுப்பேயன்றி வேறு யாருடையது?

ஒத்துழைப்பை நாம் ஐரோப்பாவிடமிருந்தே கற்கவேண்டியதில்லை என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1990 முதல் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் வன்னி இருளிலே வாழ்ந்தது. மின்சாரமில்லை, மண்ணெண்ணெய் அரிதாகவும் யானை விலையாகவும் இருந்தது. நம் தலைமுறை ஜாம் போத்தலிலே திரியிட்ட சிறு சுடரில் படித்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, அதன் டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் ஊர் கூடி வானொலி கேட்டது. ஒருவர் கை களைத்தபோது மற்றவர் வாங்கிச் சுற்றினார். நிதியுதவியுமில்லை, நிபுணருமில்லை, தேவையும் கைத்திறனும் மட்டும் இருந்தன. அவ்வறுமையை நாம் புகழவில்லை. எந்தப் பிள்ளையும் மீண்டும் அவ்விருளில் அமரலாகாது. ஆனால் இம்மக்கள் தொழினுட்பம் அறியாதவர், வெளியார் வந்து கண் திறக்க வேண்டியவர் என்று எவரேனும் எழுதும்போது, அந்தச் சைக்கிளை நாம் அவர்கள் முன் நிறுத்துவோம்.

நம் குறைகளையும் மறைக்கலாகாது. இரணைமடுக் குளத்தின் நீரிலே யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடிநீருக்கு ஒரு பங்கு தருவது பற்றி எழுந்த சர்ச்சையை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். சிறுபோகத்துக்கே நீர் போதாத கமக்காரரின் அச்சம் நியாயமானது. கிணறு உவர்த்துப்போன குடாநாட்டாரின் தாகமும் நியாயமானது. இரு நியாயங்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேசி முடிவுகாண இயலவில்லை. கடைசியில் கடலை நாடினோம். 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. உவர்நீரை நன்னீராக்கப் பெருமளவு மின்சாரம் வேண்டும். குளத்து நீரைப் பங்கிடுவதில் பிணங்கிய இரு அயலவர், இன்று ஒரே மின்வலைப்பின்னலின் சக்தியால் தாகம் தணிக்கின்றனர். பங்கிடுதலிலிருந்து தப்பிச் செல்ல வழியில்லை. நீரில் தப்பினால் காற்றிலே வந்து அது நம்மைப் பிடித்துக்கொள்கின்றது. நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பைப் பற்றிப் பேசுமுன், ஆனையிறவின் இரு கரைகளுக்குமிடையிலான ஒத்துழைப்பை நாம் கற்றாக வேண்டும். வாய்க்காலின் தலைப்பில் இருப்பவனும் கடைமடையில் இருப்பவனும் ஒரே கூட்டத்தில் அமர்ந்து, இவ்வாண்டு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவுசெய்யும் மரபு நம் குளங்களின் கீழ் இன்றும் உண்டு. அந்த மரபைக் காற்றுக்கும் வெய்யிலுக்கும் விரிப்பதே நாம் செய்யவேண்டுவது.

அது நடவாத கனவென்பார்க்குத் தமிழகத்தின் ஓடந்துறை ஊராட்சியைக் காட்டுவோம். மேட்டுப்பாளையத்துக்கு அண்மையிலுள்ள அவ்வூராட்சி, தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இந்திய ரூபாய் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 2006இல் சொந்தமாக வாங்கியது. ஊரின் தேவைக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தது. டென்மார்க்கின் சாம்சோ தீவிலே குடியானவரும் ஊரவரும் பங்குபோட்டுக் காற்றாலைகள் நிறுவினர். புதிய காற்றாலைகளின் உடைமையில் ஐந்திலொரு பங்கை அயலில் வாழ்வோருக்கு விற்க முன்வரவேண்டும் என்று அந்நாடு 2009இல் சட்டமும் செய்தது. பின்னர் அவ்விதி மாற்றப்பட்டதாயினும் அது தொட்ட நியாயம் மாறவில்லை. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறிலே, டென்மார்க்கின் உதவியுடன் காற்றாலைச் சோதனை நிலையம் ஒன்று எழுந்தது. அங்கே பெற்ற பட்டறிவு தமிழ்மொழி பேசும் கைகளில் இருக்கின்றது. பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள அக்கைகளுக்கும் நம் கைகளுக்குமிடையே பாலம் ஒன்று அமையுமாயின், அது கடலடியில் மின்வடம் இடுவதிலும் மதிப்புடைய பாலமாகும். இரு நாடுகளின் மின்வலைப்பின்னல்களையும் இணைப்பது பற்றி 2025 ஏப்ரலில் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. மின்சாரம் கடல் கடந்து பாய்வதைப் பற்றிப் பேசுவோர், கைத்திறன் கடல் கடந்து வருவதைப் பற்றியும் பேசட்டும்.

ஆகவே நாம் வேண்டுவன மிகப் பெரியனவல்ல. இம்மண்ணில் காற்றாலையோ சூரிய மின்பண்ணையோ அமைக்க எழுதப்படும் ஒவ்வோர் ஒப்பந்தமும், இம்மாவட்டத்து இளைஞர் எத்தனை பேரை எந்தத் தரத்துக்குப் பயிற்றுவது என்பதைக் கூறவேண்டும்; அவருள் பெண்களுக்குரிய பங்கும் குறிக்கப்படவேண்டும். போரின் பின் குடும்பப் பாரத்தைத் தனியே சுமந்த பெண்கள் வாழும் மண் இது; கோபுரத்தில் ஏற அவர்களுடைய மகளிருக்குத் துணிவு இல்லையென்று எவரும் சொல்லவேண்டாம். உடைமையில் ஒரு பங்கு ஊரின் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரியதாக வேண்டும். உடைமையின்றிக் கைத்திறன் மட்டும் இருந்தால் அது கூலியாய் முடியும். கைத்திறனின்றி உடைமை மட்டும் இருந்தால் அது வாடகை வாங்கும் சோம்பலாய் முடியும். இறுதியாக, ஆக்கமும் பழுதும் இழப்பும் ஆண்டுதோறும் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைக்கப்படவேண்டும்.

இவற்றைக் கேட்பதால் முதலீடு வராது போய்விடுமே என்று அஞ்சுவோர் உளர். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. 2022 மார்ச்சில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் இருளில் இருந்த நாடு இது. இருளில் இருப்பவன் விளக்குக் கொண்டு வருபவனிடம் நிபந்தனை பேசத் தயங்குவது இயல்பு. ஆனால் நிபந்தனையின்றி ஏற்ற விளக்கு, விலை பேசித் தீராதபோது கொண்டுவந்தவனாலேயே திரும்ப எடுத்துச் செல்லப்படும் என்பதைப் பூநகரி கண்டுவிட்டது. விளக்கு செய்யத் தெரிந்த கையை மட்டும் எவராலும் எடுத்துச் செல்ல முடியாது. அக்கையின் சொந்தக்காரி தானே விரும்பிச் சென்றாலன்றி. அவள் செல்ல வேண்டாதபடி இம்மண்ணை ஆக்குவது நம் கடன்.

பேருந்தில் வினா எழுப்பிய மாணவிக்கு நாம் இன்று சொல்லக்கூடிய விடை இதுதான்: மகளே, காற்று எவருடையதுமன்று, ஆகவே அது எல்லாருடையதுமாகும். அதனை மின்சாரமாக்கக் கற்றுக்கொள். கற்றதை இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடு. பிறகு உங்கள் ஊர்க் கூட்டத்திலே எழுந்து நின்று, அன்று எங்களிடம் கேட்ட அதே வினாவைக் கேள். அங்கே எவரும் சிரிக்கமாட்டார்கள்.